இடத்தைக் கேட்டல்: ஆங்கில நிலக்காட்சியும் ஒலிக்கலையும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் நிலப்பகுதிகளை ஒலியின் வழி வெளிப்படுத்த முயன்ற கலைப்படைப்புகள் சிலவற்றை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. பிரையன் ஈனோ, லூயிஸ் கே. வில்சன், கிறிஸ் வாட்சன், ரிச்சர்டு ஸ்கெல்டன், லீசே ஆட்டோஜீனா – ஜோஷுவா போர்ட்வே, கிரேம் மில்லர் ஆகியோரின் ஆக்கங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஓர் இடத்தின் ஒலியைத் துல்லியமாகப் பதிவு செய்வதும் அவ்விடத்தின் இடவுணர்வைக் கேட்பவரிடம் எழுப்புவதும் ஒன்றல்ல என்பது கட்டுரையின் முதல் வாதம். இயற்கையொலியை மட்டும் தேர்ந்தெடுக்கும் களப்பதிவு மரபு, அந்நிலத்தில் உழைத்தவரையும் அங்கிருந்து அகற்றப்பட்டவரையும் மறைக்கக்கூடியது என்பது அதன் தொடர்ச்சி.

திறவுச் சொற்கள்: ஒலிக்கலை, இடவுணர்வு, களப்பதிவு, ஒலிச்சூழல், கருப்பொருள், நிலக்காட்சி.

முன்னுரை

நிலக்காட்சி என்ற சொல்லிலேயே காட்சி அமர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் சொல்லும் ஓவியர்களின் தொழிற்சொல்லாக டச்சு மொழியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்ததே. ஆகவே ஆங்கில நிலத்தைப் பற்றிய கலைச்சிந்தனை தொடக்கம் முதலே கண்ணின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்கிறார். நிலம் அவர்முன் விரிகிறது. உழுபவரும் ஆடு மேய்ப்பவரும் அதில் சிறு உருவங்களாகச் சுருங்கிவிடுகின்றனர். நிலத்தை நிலக்காட்சியாகக் காண்பவர் அதிலிருந்து விலகி நிற்பவரே என்னும் பொருள்பட ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதினார். ஜான் பேரல் 1980இல் வெளியிட்ட நூலில் ஆங்கில ஓவியங்களில் நாட்டுப்புற ஏழைகள் எவ்வாறு இருளில் நிறுத்தப்பட்டனர் என்பதை விரிவாகக் காட்டினார்.

கண்ணுக்குரிய இக்குறையைச் செவி நீக்கும் என்ற நம்பிக்கை ஒலிக்கலையின் தொடக்ககாலத்தில் வலுவாக இருந்தது. ஒலி கேட்பவரைச் சூழ்ந்து நிற்பது. அதற்குச் சட்டகம் இல்லை. எனவே விலகி நிற்கும் பார்வையாளர் என்ற நிலையே அங்கு எழாது என்பது அந்நம்பிக்கையின் சாரம். கனடிய இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலின் வழியாக ‘ஒலிச்சூழல்’ என்னும் கலைச்சொல் பரவலாயிற்று. ஓர் ஊருக்கு நில அடையாளம் இருப்பதுபோல ஒலி அடையாளமும் உண்டு என்றார் அவர். மானிடவியலாளர் டிம் இங்கோல்டு 2007இல் இச்சொல்லையே மறுத்தார். மனிதர் ஒளியைக் காண்பதில்லை, ஒளியில் காண்கின்றனர். அதுபோலவே ஒலியில் கேட்கின்றனர். ஒலியை மட்டும் தனியே உரித்தெடுத்து அதற்கு ஒரு ‘சூழல்’ வகுப்பது, கண்ணுக்கு நேர்ந்த பிழையைச் செவிக்கும் கொண்டுவருவதாகும் என்பது அவரது மறுப்பின் திசை. இவ்விருவரில் எவர் பக்கம் நியாயம் என்பதைக் கோட்பாட்டளவில் தீர்ப்பதைவிடப் படைப்புகளைக் கேட்டுத் தீர்ப்பதே பயனுடையது.

தமிழ் ஆய்வாளருக்கு இங்கே ஓர் அளவுகோல் கையில் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் புள்ளையும் மரத்தையும் எண்ணும் அதே மூச்சில் பறையையும் யாழையும் தொழிலையும் சேர்த்து எண்ணுகிறது. பறவையின் குரலும் மனிதர் முழக்கும் பறையும் ஒரே நிலத்தின் பொருள்களாக ஒரே வரிசையில் நிற்கின்றன. இயற்கையொலி ஒருபுறம், மனித ஒலி மறுபுறம் என்ற பிரிவினை அங்கில்லை. திணைக்கோட்பாட்டை ஆங்கில நிலத்தின்மீது போர்த்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குறிஞ்சியும் நெய்தலும் நார்தம்பர்லாந்துக்குரியவை அல்ல. ஆயினும் ஒரு நிலத்தின் ஒலிப்பட்டியலிலிருந்து மனிதத் தொழில் விடுபடும்போது எதுவோ குறைகிறது என்ற உணர்வை இவ்வரிசை கூர்மைப்படுத்துகிறது.

தோட்டத்துப் பறவையும் போர்விமானமும்

இங்கிலாந்தில் இடத்தின் ஒலி பொதுமக்களுக்குரிய கலைப்பொருளானது வானொலியால். 1924ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இரவு, சர்ரே மாவட்டத்து ஆக்ஸ்டெட் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் செல்லோ இசைக்கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசன் வாசிக்க, நைட்டிங்கேல் பறவை உடன் பாடுவதை பிபிசி நேரலையாக ஒலிபரப்பியது. அந்நிகழ்ச்சி பெரும் வரவேற்பைப் பெற்று ஆண்டுதோறும் தொடர்ந்தது. முதல் இரவில் ஒலித்தது பறவைதானா, பறவைக்குரலைப் பாவனை செய்யும் கலைஞரா என்ற ஐயம் அண்மை ஆண்டுகளில் எழுப்பப்பட்டுள்ளது. அவ்வையம் மெய்யானாலும் நிகழ்ச்சியின் பண்பாட்டு ஆற்றல் குறைந்துவிடாது. நாட்டுப்புற இங்கிலாந்து என்னும் கற்பனைக்கு ஓர் ஒலி தேவைப்பட்டது, அது கிடைத்தது.

அதே தோட்டத்தில் 1942 மே 19 அன்று நிகழ்ந்ததே இன்றளவும் கூடுதலாகச் சிந்திக்கத்தக்கது. ஹாரிசன் குடும்பம் அதற்குள் வீடு மாறிவிட்டது. பிபிசி மட்டும் பறவையைத் தேடி வந்திருந்தது. ஒலிபரப்புத் தொடங்கவிருந்த வேளையில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரைத் தாக்கச் சென்ற 197 குண்டுவீச்சு விமானங்கள் வானில் நெருங்கின. விமானங்களின் இரைச்சல் நேரலையில் சென்றால் எதிரிக்கு முன்னெச்சரிக்கையாகிவிடும் என்றுணர்ந்த பொறியாளர் ஒலிபரப்பைத் துண்டித்தார். ஆனால் இசைத்தட்டில் பதிவு தொடர்ந்தது. பறவை நிறுத்தவில்லை. முணுமுணுப்பாகத் தொடங்கும் எந்திர ஒலி மெல்ல மெல்லப் பெருகிப் பறவைக்குரலின் அடியில் முழுமையாக நிரம்புகிறது, பின்னர் வடிகிறது. எவரும் திட்டமிடாத இப்பதிவு, பின்னாளில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட பல ஆக்கங்களைவிட ஓர் இடத்தையும் அதன் காலத்தையும் நெருக்கமாகப் பற்றியிருக்கிறது. விமான ஒலியை நீக்கிவிட்டால் அது எந்த ஆண்டின், எந்தத் தோட்டத்தின் பறவையாகவும் இருக்கலாம்.

இக்காலத்து ஆங்கிலப் பறவையொலிகளின் தலைசிறந்த பதிவாளர் லுட்விக் கோக் என்பதும் நினைவிற்குரியது. பிராங்பர்ட்டில் பிறந்த யூதரான இவர், சிறுவனாக 1889இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தது கூண்டிலிருந்த இந்தியச் சோலைபாடிப் பறவையின் குரலை. நாசி ஆட்சியிலிருந்து தப்பி 1936இல் இங்கிலாந்தில் குடியேறினார். அதே ஆண்டிலேயே பறவையியலாளர் நிக்கல்சனுடன் இணைந்து இசைத்தட்டுகளோடு கூடிய பறவைப்பாடல் நூலை வெளியிட்டார். ஆங்கில நாட்டுப்புறத்தின் ஒலி இதுதான் என்று ஒரு தலைமுறை ஆங்கிலேயர் அறிந்தது ஓர் ஏதிலியின் செவி தேர்ந்தெடுத்ததைத்தான்.

வரைபடத்தில் கண்ட சதுப்பு

பிரையன் ஈனோ 1982இல் வெளியிட்ட ‘ஆன் லேண்ட்’ இசைத்தொகுப்பு, இடங்களைப் பற்றியது என்று தன் பெயராலேயே அறிவித்துக்கொள்கிறது. ஈனோ பிறந்து வளர்ந்த சஃபோக் மாவட்டத்தின் பெயர்கள் அதன் தலைப்புகளில் வருகின்றன. 1980இல் கானாவில் தங்கியிருந்தபோது மாலை வேளைகளில் ஒலிவாங்கியைச் சுற்றுப்புறத்தை நோக்கி வைத்துக் காதணிபேசியில் கேட்டிருந்த பழக்கம் இத்தொகுப்பின் தோற்றுவாய்களில் ஒன்று என அவரே குறித்துள்ளார். சஃபோக்கைக் கேட்கும் முறையை ஆப்பிரிக்காவில் கற்றார் என்பது தற்செயல் அன்று. பிறந்த ஊரைக் கேட்பதற்கு முதலில் அதிலிருந்து அயன்மைப்பட வேண்டியிருக்கிறது.

தொகுப்பிலுள்ள ‘லேண்டர்ன் மார்ஷ்’ என்னும் பகுதி கூர்ந்து நோக்கத்தக்கது. தாம் வளர்ந்த ஊருக்குச் சில மைல் தொலைவிலேயே அச்சதுப்பு இருந்தாலும், அங்குச் சென்ற நினைவிலிருந்தன்றி வரைபடத்தில் அப்பெயரைப் பார்த்து, அது எத்தகைய இடமாக இருக்கும் எனக் கற்பித்துக்கொண்டதிலிருந்தே இவ்விசை பிறந்ததாக ஈனோ எழுதியிருக்கிறார். அதாவது இவ்விசை ஒரு பெயரின் ஒலிவடிவம், இடத்தின் பதிவன்று. தாழ்ந்த சுருதியில் நீளும் ஒலிகளுக்கிடையே உயிரினத்தின் குரல்போன்று ஏதோ மினுங்கி மறைகிறது. ஈரம், மங்கிய ஒளி, தொலைவு ஆகிய உணர்வுகள் எழுகின்றன. ஆனால் தலைப்பை மறைத்துவிட்டால் அது எந்த நாட்டின் சதுப்பாகவும் ஒலிக்கும்.

லேண்டர்ன் சதுப்புகள் இருப்பது ஆர்ஃபர்டு நெஸ் என்னும் நீண்ட கூழாங்கல் கரையில். முதல் உலகப்போருக்குச் சற்று முன்பிருந்து 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் அக்கரை இராணுவத்தின் கையில் இருந்தது. பொதுமக்கள் நுழைய இயலாது. 1950கள் முதல் 1971 வரை அணுகுண்டு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே குண்டுகள் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்குகின்றனவா எனச் சோதித்தது. லேண்டர்ன் சதுப்புகளின் மீதே, தொடுவானுக்கு அப்பாலும் காணவல்ல ‘கோப்ரா மிஸ்ட்’ என்னும் ரேடார் நிலையம் எழுப்பப்பட்டு 1973இல் மூடப்பட்டது. ஈனோவின் கனவுச் சதுப்பில் இவை எவற்றின் தடமும் இல்லை. இசையில் நிறைந்திருக்கும் இனம்புரியாத அச்சத்திற்கு இவ்வரலாறே காரணம் என்று வாதிடுவோர் இருக்கலாம். அது படைப்புக்கு வெளியிலிருந்து படைப்பைக் காப்பாற்றும் வாதம். ‘டன்விச் கடற்கரை, இலையுதிர்காலம், 1960’ என்ற பகுதி இதனினும் உறுதியாக நிற்கிறது. கடல் அரித்துக்கொண்ட இடைக்காலத் துறைமுக நகரம் டன்விச். அதன் கடைசி இடைக்காலத் தேவாலயங்களுள் ஒன்று 1904க்கும் 1919க்கும் இடையே சிறிது சிறிதாகச் செங்குத்துக் கரையிலிருந்து கடலில் சரிந்தது. நீருக்கடியில் மணியோசை கேட்கும் என்ற வழக்கு அவ்வூரில் உண்டு. அந்த எளிய வழியை ஈனோ நாடவில்லை. தலைப்பிலுள்ள ஆண்டில் அவருக்கு வயது 12. ஒரு சிறுவனின் குறிப்பிட்ட ஒரு பருவத்தை இடத்தோடு பிணைத்ததால் இங்கு இசை நினைவின் எடையைப் பெறுகிறது.

ஆர்ஃபர்டு நெஸ்ஸின் மறைக்கப்பட்ட வரலாற்றுக்கு ஒலிவடிவம் தர முயன்றவர் லூயிஸ் கே. வில்சன். 1993இல் அந்நிலத்தை நேஷனல் டிரஸ்ட் வாங்கியபின், 2005இல் அங்கு அவர் உருவாக்கிய ‘அச்சத்தின் பதிவு’ என்னும் படைப்பில், கைவிடப்பட்ட ஆய்வுக்கூடங்களுக்குள் பாடகர் குழுவொன்று பழைய ஆங்கிலக் கூட்டிசைப் பாடல்களைப் பாடியது. காதலையும் இளவேனிலையும் பாடும் இசைவடிவம் குண்டுகளை உலுக்கிப் பார்த்த கான்கிரீட் சுவர்களில் மோதித் திரும்புகிறது. ஒரு கூடத்தின் எதிரொலி அதன் அளவையும் பொருளையும் நோக்கத்தையும் சொல்லும். இரகசியச் சட்டத்தால் வாயடைக்கப்பட்ட சுவர்களைப் பேசவைக்க இதனினும் எளிய வழி இருந்திருக்காது.

மனிதர் நீங்கிய தீவு

ஆங்கிலக் களப்பதிவுக் கலையில் கிறிஸ் வாட்சனுக்கு ஒப்பானவர் அரியர். ஷெஃபீல்டு நகரின் ‘கேபரே வோல்டேர்’ இசைக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1981இல் அதிலிருந்து விலகித் தொலைக்காட்சி ஒலிப்பதிவாளராகி, டேவிட் அட்டன்பரோவின் இயற்கைத் தொடர்களுக்குப் பதிவு செய்தவர். 1996இல் வெளிவந்த அவரது முதல் தனித்தொகுப்பே சில இடங்களுக்கெனத் தனித்த ஆவி உண்டு என்னும் கருத்தை அடியொற்றியது. அவரது 2013ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘புனித கத்பர்ட்டின் காலத்தில்’ இடவுணர்வுச் சிக்கலை மிகத் தெளிவாக முன்வைக்கிறது.

வடகிழக்குக் கடலோரத்து லிண்டிஸ்ஃபார்ன் தீவில் ஏறத்தாழ 700ஆம் ஆண்டளவில் ஆயர் ஈட்ஃபிரித் நற்செய்தி நூலொன்றை எழுதி அணிசெய்தார். ஆங்கிலக் கையெழுத்துச் சுவடிகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் அந்நூல் 2013இல் டர்ஹம் நகருக்குக் கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதனையொட்டி உருவானது வாட்சனின் படைப்பு. ஈட்ஃபிரித் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் செவியில் என்ன விழுந்திருக்கும் என்பதே படைப்பின் வினா. குளிர், வேனில், கோடை, அறுவடை என நான்கு பருவங்களுக்கு நான்கு பகுதிகள். பெயர்கள் பழைய ஆங்கிலத்தில் இடப்பட்டுள்ளன. கடல்நாய்களின் நீண்ட ஊளை, வாத்துக் கூட்டங்களின் ஆரவாரம், கத்பர்ட் காத்ததாகச் சொல்லப்பட்டு இன்றும் வட்டார வழக்கில் ‘கடி வாத்து’ என அவர் பெயரால் அழைக்கப்படும் ஈடர் வாத்துகளின் வியப்புக்குரல், மணல்மீது ஏறும் ஓதம் ஆகியவை அடுக்கடுக்காக வருகின்றன. மனித ஒலி ஏறத்தாழ இல்லை.

கேட்பின்பம் மறுக்க இயலாதது. ஒவ்வோர் ஒலிக்கும் இடையில் விடப்பட்டிருக்கும் வெளி, தீவின் அகலத்தை உணர்த்துகிறது. அருகில் ஒரு குரல், நடுவில் ஒரு கூட்டம், தொலைவில் கடலின் இடையறாத அடியொலி என்று மூன்று நிலைகளில் ஒலியை நிறுத்தும் வாட்சனின் திறன் ஓவியரின் திறனுக்கு நிகரானது. குறையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒலிவாங்கிக்குக் கடந்தகாலம் கிடையாது. அது இன்றை மட்டுமே பதிவு செய்யும். ஆகவே 7ஆம் நூற்றாண்டை அடைவதற்கு வாட்சன் இன்றின் ஒலிகளிலிருந்து விமானத்தையும் படகுப்பொறியையும் காரையும் விலக்கவேண்டியிருக்கிறது. 1954இல் திறக்கப்பட்ட தரைப்பாலச் சாலையில் ஓதம் வடியும் நேரமெல்லாம் வண்டிகள் தீவுக்குள் வருகின்றன. இவ்விலக்கல் தேவையானதே எனலாம். ஆனால் நிகழ்காலத்திலிருந்து எந்திரத்தைக் கழித்தால் எஞ்சுவது கடந்தகாலம் என்னும் சமன்பாடு பிழையானது. கத்பர்ட் காலத்து லிண்டிஸ்ஃபார்ன் ஒரு மடம்; அங்கு வேளைதோறும் வழிபாட்டுப் பாடல் ஒலித்தது. சுவடிக்கான கன்றுத்தோலை உரித்தனர், நீட்டினர், சுரண்டினர். கால்நடை கத்தியது, மரம் பிளக்கப்பட்டது, எழுதுகோல் தோலில் கீறியது. ஈட்ஃபிரித்தின் செவிக்கு மிக அருகில் இருந்த ஒலி அவரது எழுதுகோலின் ஒலிதான். வாட்சனின் தீவில் ஈட்ஃபிரித் கேட்கிறார், எழுதுவதில்லை. நிலத்தில் உழைப்பவர் காட்சியின் ஓரத்தில் மங்கிப்போகும் பழைய ஓவிய மரபு செவி வழியாகவும் திரும்பி வந்துவிடுகிறது. ஷேஃபரின் நம்பிக்கை இங்கு ஆட்டம் காண்கிறது. இங்கோல்டின் ஐயம் வலுக்கிறது.

இது வாட்சனின் திறமைக் குறைவன்று. இயற்கை ஆவணப்படத்தில் வளர்ந்த செவியின் இயல்பு. அத்துறையில் மனித ஒலி புகுந்தால் பதிவு கெட்டுவிட்டது என்று பொருள்.

பெயர்களைக் காக்கும் இசை

லங்காஷயரின் மேற்குப் பென்னைன் மேட்டுவெளியில் ஆங்கிள்சார்க் என்னும் பகுதி உள்ளது. மரம் குறைந்த, காற்றோங்கிய, கரட்டுக்கல் நிலம். புதிய கற்காலத்து நீள்கல்லறை ஒன்று அங்குண்டு. பழைய ஈயச் சுரங்கங்களின் தடமும் உண்டு. 1850களில் லிவர்பூல் நகராட்சி தன் குடிநீருக்காக அடிவாரத்தில் தொடர் நீர்த்தேக்கங்களைக் கட்டியது. நீர்ப்பிடிப்புப் பகுதி தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக மேட்டுப் பண்ணைகளிலிருந்து குடிகள் காலப்போக்கில் வெளியேற நேர்ந்தது. இன்று நடைபயணிகள் காணும் ஏகாந்தம், இவ்வாறு உண்டாக்கப்பட்டது. இடிந்த சுவர்களும் பெயர்களும் மட்டும் எஞ்சின.

ரிச்சர்டு ஸ்கெல்டனின் ‘லேண்டிங்ஸ்’ 2009இல் வந்தது. இளம் மனைவியின் மறைவுக்குப்பின் இம்மேட்டுவெளியில் பல ஆண்டுகள் நடந்து அலைந்ததன் விளைவு இது. வயலின், கித்தார் முதலிய நரம்புக்கருவிகளை வில்லால் இழுத்து எழுப்பிய, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் நீண்ட ஒலிகள் இதன் உடல். அவற்றுள் சில திறந்தவெளியில் வாசிக்கப்பட்டவை. காற்றும் நீரோட்டமும் பறவையும் இசைக்குப் பின்னணியாக இல்லாமல் அதன் இழையோடு பின்னிக்கிடக்கின்றன. நரம்பின் உராய்வொலி எங்கே முடிகிறது, காய்ந்த புல்லின் உராய்வொலி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாத இடங்கள் பல. வாட்சன் ஒலிகளுக்கிடையே வெளியை விடுகிறார். ஸ்கெல்டன் வெளியே விடாமல் அடர்த்தியாக்குகிறார். துயரத்தின் செவி அப்படித்தான் கேட்கும் போலும்.

ஆனால் இவ்விசை எதனால் ஆங்கிள்சார்க்கின் இசையாகிறது? வேறொரு மேட்டுவெளியில் வாசிக்கப்பட்டிருந்தாலும் இதே காற்று, இதே நரம்பு. ஒலிக்குப் பெயர் சொல்லத் தெரியாது என்பதை ஸ்கெல்டன் நன்கறிந்திருக்கிறார். அதனாலேயே இசையோடு ஒரு நூலும் வெளிவந்தது. நாட்குறிப்பும், பழைய நிலப்படங்களிலும் ஆவணங்களிலும் இருந்து திரட்டப்பட்ட பண்ணைப் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. வெறும் பட்டியலாக நிற்கும் அப்பெயர்கள், நகராட்சியின் நீருக்காக இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுப்பப்பட்ட நடுகற்களைப் போன்றவை. நூலின்றி இசையை மட்டும் கேட்பவர் ஒரு தனிமனிதத் துயரைக் கேட்பார். நூலோடு கேட்பவர் ஓர் ஊரின் இழப்பைக் கேட்பார். இது இசையின் போதாமையா, சொல்லும் ஒலியும் கூடிய ஒரு முழுமையா என்பதில் கருத்து வேறுபட இடமுண்டு. ஈனோவின் சதுப்பில் பெயர் இசைக்கு வண்ணம் பூசியது. இங்கே பெயர் இசைக்குப் பொறுப்பைச் சுமத்துகிறது. இவ்வேறுபாடு சிறியதன்று. எனினும் ஒரு தயக்கம் எஞ்சுகிறது. மனைவியை இழந்தவரின் துயரும் நிலத்தை இழந்தவர்களின் துயரும் ஒரே இழையில் கோக்கப்படும்போது, முன்னது பின்னதை விழுங்கிவிடும் வாய்ப்பு உண்டு. லிவர்பூல் நகராட்சியின் முடிவுக்கு எதிராக எழக்கூடிய சினம் இவ்விசையில் எங்குமில்லை. இரங்கல் மட்டுமே உள்ளது.

தொலைவே கருவியாதல்

டைன் ஆற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே 1871இல் எழுப்பப்பட்ட சவுட்டர் கலங்கரை விளக்கம், மாறுதிசை மின்சாரத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட முதல் விளக்கம் எனப் பெயர்பெற்றது. அதன் அருகே கடலை நோக்கி நிற்கும் மூடுபனிச் சங்குகள், அழுத்திய காற்றால் ஒலிப்பவை. 1988இல் விளக்கம் பணியிலிருந்து நீக்கப்பட்டது. விட்பர்ன் நிலக்கரிச் சுரங்கம் அதன் அருகிலேயே இருந்து 1968இல் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட மார்ஸ்டன் ஊரும் இடித்து அகற்றப்பட்டது. இன்று அது பசும்புல் படர்ந்த கரைமேடு.

2013 ஜூன் 22 அன்று அங்கு நிகழ்ந்தது ‘மூடுபனிச் சங்குக்கோர் இரங்கலிசை’. கருத்தாக்கம் லீசே ஆட்டோஜீனா, ஜோஷுவா போர்ட்வே ஆகியோருடையது. இசையமைப்பு ஆர்லாண்டோ கோஃப். கரைமேட்டில் மூன்று பித்தளைக் குழலிசைக் குழுக்கள். கடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கலங்கள். கரையோரம் பெருந்திரளான மக்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 3 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் கப்பலின் ஊதல் கரையை அடைய ஏறக்குறைய 9 விநாடி ஆகும். ஆகவே ஒவ்வொரு கலத்திலும் பொருத்தப்பட்ட கருவி அதன் இருப்பிடத்தைக் கணித்து, கரையிலுள்ள செவிகளை உரிய தாளத்தில் அடையுமாறு முன்கூட்டியே ஊதலை ஒலிக்கச் செய்தது. கடலில் நின்று கேட்டால் குழப்பம்; கரையில் நின்று கேட்டால் இசை.

இங்கே இடம் இசைக்குள் கொண்டுவரப்படவில்லை. கடலின் அகலமே கருவியாகிவிட்டது. இப்படைப்பை ஒலித்தட்டில் கேட்பவருக்கு அதன் தகவல்தான் கிட்டும். காற்று எந்தப் பக்கம் வீசியது, கேட்பவர் எங்கு நின்றார் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒலித்தது வேறுவேறு. மேலும் பித்தளைக் குழலிசைக் குழு அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. வடகிழக்கு இங்கிலாந்தில் அது சுரங்கத்தோடும் தொழிற்சங்கத்தோடும் பிரிக்கவொண்ணாதபடி இணைந்தது. சுரங்கங்கள் மூடியபின்னும் குழுக்கள் எஞ்சின. கடலோர நிலத்தின் பறையும் தொழிலும் ஒருசேர ஒலித்த நிகழ்வு எனலாம். இறுதியில் சங்கு தனித்து ஒலித்தது. காற்றழுத்தம் குறையக் குறைய அதன் குரல் தழுதழுத்து, இழைந்து, அடங்கியது. எந்திரம் இறப்பதைக் கேட்டு மக்கள் கலங்கினர். ஜெனிஃபர் லூசி ஆலன் 2021இல் வெளியிட்ட மூடுபனிச் சங்கு பற்றிய நூலுக்கு அந்நாளே தூண்டுகோல்.

இவ்வெற்றியிலும் வினவத்தக்கது ஒன்றுண்டு. உழைப்பின் ஒலியைப் பெருமைப்படுத்த அது ஓய்ந்தபின்தான் கலை வருகிறதா? பணியிலிருந்த காலத்தில் அச்சங்கு எச்சரிக்கை. அருகில் வாழ்ந்தோருக்கு உறக்கத்தைக் கெடுக்கும் இரைச்சல். பயன் நீங்கியபின் அது அழகாகிறது. நீர்த்தேக்கமும் ஏகாந்தமாகி, இராணுவக் கூடமும் சுற்றுலா இடமாகும் நாட்டில் இது புதிதன்று. ஆனால் இங்கு மக்கள் பார்வையாளராக மட்டும் இல்லை. குழல் ஊதியவரும் கலம் செலுத்தியவரும் அவ்வட்டாரத்தார்.

சாலையோரக் குரல்கள்

ஆங்கில நிலக்காட்சி என்றவுடன் மேட்டுவெளியும் கடற்கரையும் நினைவுக்கு வருவதே அம்மரபின் வெற்றி. கிழக்கு லண்டனின் எம்11 இணைப்புச் சாலையும் ஆங்கில நிலந்தான். அச்சாலைக்காக 1990களில் ஏறத்தாழ 400 வீடுகள் இடிக்கப்பட்டன. 1993, 1994ஆம் ஆண்டுகளில் கடும் எதிர்ப்புப் போராட்டம் நடைபெற்றது. கிளேர்மாண்ட் தெருவில் போராட்டக்காரர் கூரைகளிலும் மரங்களிலும் குடியிருந்தனர். இசையமைப்பாளரும் நாடகக் கலைஞருமான கிரேம் மில்லரின் வீடும் இடிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

2003இல் மில்லர் உருவாக்கிய ‘லிங்க்டு’, ஏறத்தாழ 3 மைல் நீளச் சாலையோரத்து விளக்குக் கம்பங்களில் பொருத்தப்பட்ட 20 சிறு ஒலிபரப்புக் கருவிகளால் ஆனது. முன்பு அங்கு வாழ்ந்தோரின் சாட்சியங்கள் இசையோடு கலந்து இடையறாது ஒலிபரப்பாகின்றன. வட்டார நூலகத்தில் ஒலியேற்பியும் வரைபடமும் பெற்று நடப்பவர் செவியில், ஒரு கம்பத்தின் வீச்சுக்குள் நுழையும்போது குரல்கள் எழுகின்றன. விலகும்போது இரைச்சலில் கரைகின்றன. சமையலறை இருந்த இடம், மாடிப்படி, பக்கத்து வீட்டார், இடிப்பு நாளின் காலை எனச் சிறு சிறு செய்திகள். ஒரு வீட்டைப் பற்றிய பேச்சைக் கேட்பவர் கண்முன் அவ்வீடு இல்லை, சாலை இருக்கிறது. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று மறுக்கும் இந்நிலையில் படைப்பு நிகழ்கிறது. ஸ்கெல்டனுக்குத் தனி நூல் தேவைப்பட்டதை மில்லர் ஒலிக்குள்ளேயே வைத்துவிட்டார்: இங்கு மனிதக் குரலே பெயர்களைச் சொல்கிறது. அதைக் கேட்க, கேட்பவர் அங்கே இருந்தாக வேண்டும். பதிவு இடத்திலிருந்து எடுத்துச் செல்லப்படாமல் இடத்துக்கே திருப்பித் தரப்பட்டிருக்கிறது.

இப்படைப்புக்கு முடிவுநாள் குறிக்கப்படவில்லை. கருவிகள் இயங்கும்வரை அது ஒலிக்கும். கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதுபடும்போது குரல்களும் ஒவ்வொன்றாக விடுபட்டுப்போகும். ஒலியேற்பி இல்லாமல் அவ்வழியே நடப்பவர்களுக்கு எதுவும் கேட்காது. அவர்கள் தலைக்கு மேலே, கம்பத்தில், யாரோ ஒருவர் தம் வீட்டுக் கதவின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.